இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை

மே 5

அன்புள்ள திருப்புளிக்கு,

அக்கா எழுதுவது. ஒரு வழியாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

விடுதியில் எனக்கு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடவில்லை. ஊரெல்லாம் லிஃப்டைப் பழுது பார்க்கிற தம்பியை வெளியூர் வேலைக்கு லீவு போட வைத்து, அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு வந்ததற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிப் படியேறினேன். அறையில் கூட இருப்பவள் ஒரு நர்ஸ். வந்ததிலிருந்து தூங்குகிறாள். பார்க்கவே பொறாமையாக இருக்கிறது.

கோடைக்கால வகுப்பு என்றால் ஒரு வருஷப் பாடத்தைப் பத்து வாரத்தில் பிழிந்து எடுப்பது. தினமும் நாலு மணி நேரம். போன இரண்டு கோடையிலும் மற்ற பாடங்களை எப்படியோ தாண்டிவிட்டேன். அப்போது அப்பா நடமாடிக்கொண்டிருந்தார், மனசு இங்கே இருந்தது. இப்போது அரசியல் அறிவியல் ஒன்றுதான் பாக்கி. இந்த வருஷத்தோடு இந்த வகுப்பையே மூடப்போகிறார்களாம். ஜூலை 14 பரீட்சையில் கோட்டை விட்டால் பட்டமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. பிறகு நகராட்சி ரெக்கார்டு அறையில் தூசியோடு தூசியாக நானும் ஒரு ஃபைல்.

அப்பா சமாச்சாரம். கஞ்சியை ஆறவைத்து, இடது பக்கக் கன்னத்தில் ஊட்டு. வலது பக்கம் நிற்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவை. பக்கவாதத்தில் பேச்சுதான் போயிற்றே தவிர எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், அவர் எதிரில் எதையும் உளறாதே. ஃபோன் அவர் தலைமாட்டிலேயே இருக்கிறது, அதனால் அவரைப் பற்றி எதுவானாலும் கடிதத்தில் எழுது. அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று எழுதலாம், நீ நம்ப மாட்டாய். மூத்திரப் பையை மாற்றக் கற்றுக்கொண்டேன். இருபது மாடி லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவனுக்கு இந்த ஒரு பை தண்ணி காட்டிவிட்டது. முதல் நாள் பாதி என் சட்டைமேல். அப்பா வாய் கோணச் சிரித்தார் என்றுதான் தோன்றியது. அவர் வாய் இப்போது எப்போதுமே கோணல்தான், அதனால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். நீ இதையெல்லாம் ஆறு மாதமாக ஆபீசுக்கும் போய்க்கொண்டு எப்படிச் செய்தாய்? எனக்கு ஒரு வாரத்திலேயே முதுகு விட்டுப்போயிற்று.

சாயங்காலமானால் வாசல் கதவையே பார்க்கிறார். நீ ஆபீசிலிருந்து வருகிற நேரம். "அக்கா படிக்கப் போயிருக்காப்பா" என்று தினமும் சொல்கிறேன். கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பார். சரி என்று அர்த்தம்.

நகம் வெட்டக் கத்தரி தேடினேன். அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையில் பொத்தான் டப்பா கிடைத்தது. ஓட்டுப் போடுவோமே, அதே டப்பா. மூடி துருப்பிடித்திருக்கிறது. கட்டில் பக்கத்தில் வைத்தேன். அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

நன்றாகப் படி, மேடம்.
திருப்புளி

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதுகுக்குத் தைலம் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது, தேய்த்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன். கண்தான் எரிகிறது.

வகுப்பில் பாதிப் பேர் மூன்று முறை கோட்டை விட்ட பிள்ளைகள். மீதிப் பேர் என்னைப்போல, வேலைக்கு நடுவில் ஓடிவந்தவர்கள். மதியம் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கத்தான் போட்டி, பாடத்துக்கு இல்லை. 'இறையாண்மை' என்று ஒரு பாடம். யாருக்கு மேலே யாரும் இல்லையோ அவர்தான் இறையாளராம். முதல் வரிசையில் இருந்த காவல்காரர் குறட்டை விட்டார். விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவள், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறாள். "நாட்டுத் தேர்தல் வேண்டாம், பத்திரிகையில படிச்சதை எழுதுவீங்க. நீங்களே ஓட்டுப் போட்ட ஏதாவது ஒரு சின்னத் தேர்தல், சங்கத்துல, ஆபீசுல, எங்கயோ. நாலு பக்கம்" என்றாள். மதிப்பெண்ணில் கால்வாசி அதற்குத்தான்.

நம் டப்பாவைத்தான் எழுதப்போகிறேன். உலகத்தில் எந்த வீட்டிலாவது பிள்ளைகளோடு ரகசிய வாக்கெடுப்பு நடத்திய அப்பா உண்டா? பஸ் டெப்போ தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்த பழக்கம், அம்மா போன பிறகு வீட்டையும் சங்கமாக்கிவிட்டார். ஆளுக்கு ஒரு வெள்ளைப் பொத்தான், ஒரு கறுப்பு. ஆமாம் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. துண்டு மூடிய டப்பாவில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மடியில் ஒளித்துக்கொள்ள வேண்டும். "யாரு எதைப் போட்டீங்கன்னு சாகிற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது. தெறந்தா அது ஓட்டே இல்ல" என்பார். இதை ஆரம்பித்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. உனக்கும் முழு ஓட்டு.

எந்தத் தேர்தலை எழுதப்போகிறேன் என்று உனக்கே தெரியும். எனக்குப் பத்தொன்பது வயதில் இதே பல்கலைக்கழகத்தில் இதே அரசியல் அறிவியலுக்கு இடம் கிடைத்தது. 'அக்கா வெளியூருக்குப் படிக்கப் போகலாமா?' இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை. போகவில்லை. அடுத்த மாதமே நகராட்சி வேலை.

போன வருஷம் எனக்குக் கீழே இருந்த பொடியன் பட்டத்தைக் காட்டித் தலைமை எழுத்தர் ஆன அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன். "நீங்கதான் என் படிப்பக் கெடுத்தீங்க" என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அவருக்குப் பேச்சு இருந்தது. அதையும் கட்டுரையில் எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

அக்கா

மே 27

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் அப்படியே இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? டாக்டர் வந்துபோனார். புது மருந்து ஒன்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பழைய கதை எதற்கு? சுவருக்கு நீலம் அடிப்பதா பச்சையா என்று ஓட்டுப் போட்டோமே, அதை எழுதேன். அப்பா தோற்று, நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாரே. சிரிக்க வைக்கும்.

கஞ்சி அடுப்பில் இருக்கிறது. போகிறேன்.
திருப்புளி

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? என்ன புது மருந்து, எதற்கு? எழுதாமல் விட்டுவிட்டாய். எனக்கு இங்கே ஜலதோஷம், நர்ஸ் தயவில் தேவலை. முதல் தேர்வில் வாங்கியதைக் கேட்காதே.

நீலச் சுவரை எழுதவில்லை. நினைத்ததைத்தான் எழுதிக் கொடுத்தேன். கத்தியதை மட்டும் விட்டுவிட்டேன். விரிவுரையாளர் ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தாள்: 'மூன்று பேர் போடும் ஓட்டு எவ்வளவு தூரம் ரகசியம்? இந்தத் தேர்தலில் மற்ற இருவரின் ஓட்டும் தெரிந்த ஒரே ஆள் யார்?' வகுப்பிலும் அதையே கேட்டாள். நான்தான் சொன்னேன், தனியாக நின்றவர் என்று. ஒற்றை வெள்ளையைப் போட்டவருக்கு மற்ற இரண்டும் கறுப்பு என்பது எண்ணியவுடனே தெரிந்துவிடும். கறுப்புப் போட்டவருக்கு இன்னொரு கறுப்பு யாருடையது என்று தெரியாது, ஊகிக்கத்தான் முடியும்.

"சரியாச் சொன்னீங்க. ஊகிச்சது தப்பா இருந்தா?" என்றாள். மணி அடித்துவிட்டது.

அதைச் சொன்னபோது பதின்மூன்று வயதுத் திருப்புளி ஞாபகத்துக்கு வந்தான். ஏன் என்று கேட்காதே, விதி இருக்கிறது. உன்மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை, அது மட்டும் தெரிந்துகொள்.

மருந்து என்ன என்று எழுது.
அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஜலதோஷம் எப்படி இருக்கிறது? மருந்து சளிக்கு. கஞ்சி இரண்டு தடவை புரையேறிவிட்டது. இப்போது நீராகாரம்தான், கரண்டியில் கால் கால் கரண்டியாக. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பயப்படாதே. பயப்படும்படி இருந்தால் ஃபோன் செய்வேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். 'வருத்தம் இருந்ததில்லை' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷனே இல்லை. அப்பா விதியை மீறுகிறேன்.

நான் கறுப்புப் போட்டேன் அக்கா. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீயும் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அவர் பேசவே மாட்டார். யார் சமைப்பது, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது, இதைத்தான் யோசித்தேன். உன் படிப்பை யோசிக்கவே இல்லை. அப்பாவும் கறுப்புதான் போடுவார், என் ஒன்றால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நீ வெள்ளை போட்டிருப்பாய். எங்கள் இரண்டு பேருடையதும் கறுப்பு என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கும். அப்பாவிடம் மட்டும் கோபத்தைக் காட்டினாய், என்னிடம் காட்டவில்லை. சின்னவன் என்று மன்னித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருஷம் அதில் சொகுசாகக் காலம் தள்ளிவிட்டேன். இப்போது நீ படும் பாட்டை நானே பட்டுப் பார்த்த பிறகு அந்தச் சொகுசு போய்விட்டது. நேரில் கேட்கத் தைரியம் இல்லை. என்னை மன்னித்துவிடு.

தம்பி

ஜூன் 28

அக்காவுக்கு,

இரண்டு வாரமாகப் பதிலே இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது? விடுதிக்கு ஃபோன் செய்தேன். "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டாய், "அப்படியேதான்" என்றேன், வைத்துவிட்டாய். என்னைத் திட்ட வேண்டுமானால் எழுதித் திட்டு. நாலு பக்கம் திட்டு. இப்படிப் பேசாமல் இருக்காதே, இந்த வீட்டில் பேசாதவர் ஒருவர் போதும்.

பரீட்சைக்குப் படிக்கிறாயா?
திருப்புளி

ஜூலை 3

தம்பி,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. நானேதான் அவரிடம் சொல்ல வேண்டும்.

உன்மேல் கோபம் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை பயப்படத்தான் செய்யும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்தவள்தான், எழுந்து வகுப்புக்குப் போகத் தெம்பில்லை. இரண்டு வாரத்தில் பாதி நாள் போகவில்லை.

நானும் கறுப்புத்தான் போட்டேன்.

போக வேண்டாம் என்று இல்லை. போக வேண்டும் என்று உயிரே துடித்தது. ஆனால் தாயில்லாத தம்பியை விட்டுவிட்டுத் தன் படிப்புதான் பெரிது என்று கிளம்பினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, என் மனசே என்னைச் சொல்லக் கூடாது. நீயும் அப்பாவும் எப்படியும் வெள்ளை போடுவீர்கள், நான் கறுப்புப் போட்டாலும் தோற்றுப்போவேன், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துத் தள்ளிய மாதிரி நல்லபிள்ளையாகப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். பத்தொன்பது வயதில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம்.

துண்டை எடுத்தபோது இரண்டு கறுப்பு. ஒன்று என்னுடையது. இன்னொன்று உங்களில் ஒருவருடையது. "அக்கா நீ போவியா?" என்று நீ அந்த வாரம் முழுக்க என் பின்னாலேயே சுற்றினாய், அதனால் வெள்ளை உன்னுடையது என்று முடிவு கட்டினேன். அப்பா முடிவைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார், அதனால் கறுப்பு அவருடையது. அவ்வளவுதான் எனக்குச் சாட்சி. அதை வைத்துக்கொண்டு அவருக்கு இருபது வருஷம் தண்டனை கொடுத்தேன். வேளை தவறாமல் சோறு போட்டேன். துணி துவைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் பேசவில்லை.

இப்போது பார். அந்த ஒற்றை வெள்ளை அப்பாவுடையது. மற்ற இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நான் என் கையாலேயே வேண்டாம் என்று போட்டேன் என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும். போன வருஷம் நான் கத்தினபோது, "நான் வெள்ளை போட்டேன், நீதான் கறுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே சுருண்டிருப்பேன். விதி என்று வாயை மூடிக்கொண்டு நின்றார். இரண்டு மாதத்தில் வாயே போய்விட்டது.

நீ எழுதாமல் விடுவதெல்லாம் எனக்குப் புரிகிறது. சளி, நீராகாரம், ஒரு மணி நேரம். நர்ஸிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "போய்ப் பாருங்கக்கா" என்றாள். பத்தாம் தேதி டிக்கெட்தான் கிடைத்தது. பரீட்சை எழுதப்போவதில்லை. பட்டம் யாருக்கு வேண்டும்? அப்பா இருக்கும்போதே வந்து சொல்லிவிட வேண்டும். களைத்துப்போய்விட்டேன்.

அக்கா

ஜூலை 6 (விரைவுத் தபால்)

அன்புள்ள அக்காவுக்கு,

இது உன் கையில் ஒன்பதாம் தேதிக்குள் கிடைக்க வேண்டும் என்று தபால்காரரிடம் கெஞ்சியிருக்கிறேன். சாப்பிட்டாயா? முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு மேலே படி.

உன் கடிதத்தை அவருக்குப் படிக்கவில்லை. ஆனால் நான் தனியாக முடிவெடுக்கிற வீடா இது? டப்பாவை எடுத்துத் துருவைத் துடைத்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அக்கா பரீட்சை எழுதாமலே கிளம்பி வரேங்கிறா. வரட்டுமா? வெள்ளைன்னா வரட்டும். கறுப்புன்னா எழுதிட்டு வரட்டும்" என்றேன். இடது கையில் இரண்டு பொத்தானையும் வைத்தேன்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். புரியவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் முறைத்தார். பிறகு கண்ணால் கதவைக் காட்டினார். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ரகசிய வாக்கு. நான் பார்த்துக்கொண்டு நிற்கலாமா? டப்பாவை அவர் கைக்கு அடியில் வைத்து, துண்டைப் போட்டுவிட்டு, அறைக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். அந்த நீலச் சுவரைத்தான்.

பொத்தான் தரையில் விழும் சத்தம் மூன்று தடவை கேட்டது. ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் வெளியே போனேன். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தகரத்தில் விழுந்தது.

நானும் என்னுடையதைப் போட்டேன். உன் ஓட்டு வெள்ளை என்று எழுதியே அனுப்பிவிட்டாய், அதையும் போட்டேன். துண்டை எடுத்து அவர் எதிரிலேயே எண்ணினேன்.

இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை.

நீ தோற்றுவிட்டாய் அக்கா. டிக்கெட்டை மாற்று. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். மூச்சு சீராக இருக்கிறது, இதில் ஒளிக்கவில்லை.

திருப்புளி

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

வேலைக்குத் திரும்பியதும் எழுதுகிறேன் என்றாய், எழுதவில்லை. முதுகு எப்படி இருக்கிறது? இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சளி பாதி குறைந்திருக்கிறது. டாக்டர் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன், ஒட்டி உரசி. அப்பா டப்பாவோடு போராடி ஓட்டுப் போட்ட விஷயத்தை விரிவுரையாளரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆபீசில் அந்தப் பொடியன் இன்னும் தலைமை எழுத்தராகத்தான் இருக்கிறான். மனு கொடுத்திருக்கிறேன்.

நீ கிளம்பிப் போன மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டேன். வழக்கமாக உடனே எழுந்துவிடுவேன். அன்றைக்கு எழவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பதினைந்து நாளாக ரயிலிலும் பரீட்சை அறையிலும் மனசுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சை எடுத்தேன்.

"அப்பா, அன்னைக்கு நான்தான்" என்று ஆரம்பித்தேன். "நான் கறுப்பு..."

அந்த இடது கை போர்வைக்குள்ளிருந்து கிளம்பியது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. பொத்தானையே பிடிக்க முடியாத கை, என் முகவாயில் இடித்து, கன்னத்தில் இடித்து, கடைசியில் என் வாயை வந்து பொத்தியது. மருந்து வாடை. நல்ல கனம். சொல்லக் கூடாது என்று கண்ணை அகலத் திறந்து ஒரு பார்வை பார்த்தார், பழைய கிளைச் செயலாளர் பார்வை.

நான் சொல்லவில்லை. அவரை எதைப் போட்டீர்கள் என்றும் கேட்கவில்லை. கை சோர்ந்துபோய்த் தானாகக் கீழே இறங்கும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, உன் அடுப்படி லட்சணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஊட்டின பாத்திரத்தைக் கழுவ மறந்துபோய், சாயங்காலம் வரைக்கும் பேசியிருக்கிறேன்.

லீவு கிடைக்கும்போது வா.

அக்கா